நாற்பது நாட்களும் ஒரு சோதனையும்

சாம்பற் புதனன்று மாலை ஆலயத்திலிருந்து விடுதிக்குத் திரும்பினேன். நெற்றியில் சாம்பலால் இட்ட சிலுவைக் குறி அழியாமல் இருந்தது. என் அறைத் தோழர் கும்பகோணத்துக்காரர். என்னைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டு, "என்னப்பா, எங்கள் பக்கம் வந்துவிட்டாயா? திருநீறெல்லாம் பலமாக இருக்கிறதே!" என்றார். இருவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பின், "உண்மையாகவே கேட்கிறேன். இது என்ன? எதற்காக நாற்பது நாள்?" என்று வினவினார்.

சென்ற ஆண்டுக் குருத்தோலை ஞாயிற்றில் கையில் ஏந்திய ஓலைகளை எரித்து எடுத்த சாம்பல் இது என்றும், மண்ணிலிருந்து வந்த மனிதன் மண்ணுக்கே திரும்புவான் என்பதை நினைவூட்ட இடுவது என்றும் சொன்னேன். எதற்காக நாற்பது நாள் என்ற வினாவுக்கு அன்று எனக்கு முழு விடை தெரியவில்லை. அதன் பின் வந்த நாட்கள், சற்றுக் கசப்பான முறையில், அதைக் கற்பித்தன. நம் சங்க மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், "விஞ்ஞான மாணவர் விஞ்ஞானம் பற்றியே எழுதலாமே" என்றனர். இக்கட்டுரையில் வேதமும் இருக்கின்றது, விஞ்ஞானமும் இருக்கின்றது. இரண்டும் என் வாழ்வில் ஒரே வாரத்தில் முட்டிக் கொண்டன.

மூன்று பெயர்கள்

திருநெல்வேலிச் சீமையில் எங்கள் வீட்டில் இக்காலத்துக்கு 'லெந்து' என்று பெயர். பாதிரிமார் வழியாக வந்த ஆங்கிலச் சொல். பழைய ஆங்கிலத்தில் அது வசந்த காலத்தைக் குறித்தது. பகற்பொழுது நீளத் தொடங்குவதைச் சுட்டி எழுந்த பெயர் என்பர். ஊரில் இருந்தவரை இதன் பொருத்தம் எனக்கு விளங்கவில்லை. நம் நாட்டில் அப்போது வெயில்தானே ஏறுகின்றது! வடநாட்டுக்கு வந்த பின்னரே கண்டேன். குளிர் விலகுகின்றது, கம்பளிகள் பெட்டிக்குள் போகின்றன, இலை ஒன்றும் இல்லாத இலவ மரங்கள் திடீரென்று செந்நிறப் பூக்களைச் சுமந்து நிற்கின்றன.

கத்தோலிக்கர் இதனைத் 'தவக்காலம்' என்பர். ஒருவேளை மட்டும் உண்பதை 'ஒருசந்தி' என்றும், புலால் நீக்கி உண்பதைச் 'சுத்தபோசனம்' என்றும் அவர்கள் வழங்குவது எவ்வளவு அழகிய தமிழ்! இங்குள்ள இந்தி பேசும் கத்தோலிக்கரோ 'சாலீசா' என்கின்றனர். நாற்பது என்ற எண்ணிலிருந்து பிறந்த பெயர் அது. இலத்தீன் மொழியிலும் கிரேக்க மொழியிலும் இக்காலத்தின் பெயர் நாற்பதையே குறிக்கின்றது. வசந்தம், தவம், நாற்பது என ஒரே காலத்துக்கு மூன்று பெயர்கள்.

கணக்குப் பார்ப்பவர்க்கு ஓர் ஐயம் எழும். சாம்பற் புதன் முதல் உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். இடையில் உள்ள 6 ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் நாற்பது. ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுதலின் நினைவு நாள் என்பதால் அது நோன்புக் கணக்கில் சேர்வதில்லை. உயிர்த்தெழுந்த திருநாளோ ஆண்டுக்கு ஆண்டு மாறும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ, திருச்சபைக் கணக்குப்படி வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு அது. ஆகவே மார்ச் 22க்கு முன்னும் வராது. ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. எடுத்துக்காட்டாக, 2026ஆம் ஆண்டில் சாம்பற் புதன் பிப்ரவரி 18. உயிர்த்தெழுந்த ஞாயிறு ஏப்ரல் 5. நிலவைப் பார்த்துத் திருநாள் குறிப்பது நமக்குப் புதிதன்று.

என் ஆச்சி சாம்பற் புதனன்று வெற்றிலைப் பெட்டியை மூடிப் பரண்மேல் வைத்துவிடுவார். ஒவ்வொரு நாளும் உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். திருநாள் வருவதற்குள் பானை நிறைந்து, அடுப்பு எரியாத வீடு ஒன்றுக்குப் போய்ச் சேரும். பள்ளியில் கழித்தல் கற்ற மிடுக்கில் ஒருநாள் நான் அவரிடம், "ஆச்சி, ஞாயித்துக்கிழமை கணக்குல கிடையாது. இன்னைக்கு வெத்தில போடலாம்" என்றேன். ஆச்சி சொன்னார்: "ஏல, கணக்கு ஒம் பள்ளிக்கூடத்துக்கு. நாக்குக்கு ஏதுல ஞாயித்துக்கிழம?"

வனாந்தரம்

லெந்துவின் முதல் ஞாயிற்றில் ஆலயங்களில் வழக்கமாக வாசிக்கப்படுவது, இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட வரலாறு. மாற்கு இதை இரண்டே வசனங்களில் கூறி முடிக்கின்றார். மத்தேயுவும் லூக்காவும் மூன்று சோதனைகளையும் விரித்துரைக்கின்றனர். ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் இருவரிடமும் இடம் மாறி நிற்கின்றன. யோவான் இந்நிகழ்ச்சியைச் சொல்லவே இல்லை. நான் மத்தேயுவின் நான்காம் அதிகாரத்தைப் பின்பற்றுகின்றேன்.

எருசலேம் மலைமேல் உள்ள நகரம். அங்கிருந்து கிழக்கே இறங்கினால், கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே கிடக்கும் சாவுக்கடல். இடைப்பட்ட சரிவு முழுவதும் சுண்ணாம்புப் பாறையும் வறண்ட பள்ளங்களும். யூதேயாவின் வனாந்தரம் இதுவே. எரிகோவுக்கு அருகே உள்ள ஒரு குன்றைச் சோதனை நடந்த இடமென்று மரபு காட்டுகின்றது. அதன் பெயரும் நாற்பது என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. 2020இல் நாம் எல்லோரும் கதவடைத்துக் கிடந்தோமே, அப்போது நாள்தோறும் கேட்ட 'குவாரன்டைன்' என்ற சொல்லும் நாற்பது நாளைக் குறித்த இத்தாலியச் சொல்லின் வழி வந்ததுதான்.

வேதாகமத்தில் நாற்பது என்பது காத்திருப்பின் எண். மோசே சீனாய் மலையில் நாற்பது நாள் இருந்தார். எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்தார். நினிவே நகருக்குத் தவணை நாற்பது நாள். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அலைந்தது நாற்பது ஆண்டு. இவற்றுள் எதையும் எவரும் சுருக்க முடியவில்லை. இஸ்ரவேலர் சுருக்கப் பார்த்தனர். மோசே மலையிலிருந்து இறங்கத் தாமதமானதும், பொன்னை உருக்கிக் கன்றுக்குட்டி செய்து கொண்டனர். பொறுத்திருந்து பெற வேண்டியதைக் கையால் செய்து கொள்ளும் ஆசை அன்றே இருந்தது.

கல்லும் அப்பமும்

நாற்பது நாள் உண்ணாதிருந்த பின் இயேசுவுக்குப் பசி உண்டாயிற்று என்கின்றார் மத்தேயு. சோதனைக்காரன் வந்தது அதன் பின்னரே. நீர் தேவகுமாரனானால் இக்கற்களை அப்பங்களாக்கும் என்பது அவன் யோசனை. இதில் என்ன தவறு என்று நான் பல ஆண்டுகள் எண்ணியதுண்டு. பசிக்கு அப்பம் கேட்பது பாவமா? பின்னொரு நாள் அவரே ஐயாயிரம் பேருக்கு அப்பம் பெருக்கிக் கொடுத்தாரே!

இரண்டு பகுதிகளையும் ஒருசேர வைத்துப் படித்தபோது ஒன்று தெரிந்தது. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த அன்று அவர் கல்லிலிருந்து தொடங்கவில்லை. எத்தனை அப்பம் இருக்கின்றது என்று முதலில் கேட்டார்; போய்ப் பார்த்து வரச் சொன்னார் என்று மாற்கு எழுதுகின்றார். சீடர்கள் எண்ணி வந்து, ஐந்து அப்பம், இரண்டு மீன் என்றனர். கூட்டத்தின் முன் அது வெட்கப்படத்தக்க எண். ஆனால் உண்மையான எண். அங்கிருந்துதான் அற்புதம் தொடங்கிற்று. வனாந்தரத்தில் கேட்கப்பட்டதோ, இல்லாததை இருப்பதாகச் செய்து கொள்ளும் வேலை. அதுவும் தனக்காக, உடனே.

சோதனைக்காரனுக்கு அவர் சொன்ன விடை உபாகமம் எட்டாம் அதிகாரத்தில் உள்ளது. அங்கே பேச்சு மன்னாவைப் பற்றியது. மன்னா அன்றன்றைக்கு அளந்து எடுக்க வேண்டிய உணவு. ஓய்வுநாளுக்கு எடுத்து வைத்ததைத் தவிர, மறுநாளைக்குப் பதுக்கி வைத்தது புழுத்துப் போயிற்று என்று யாத்திராகமம் கூறுகின்றது. கடவுள் தருவதைத் தரும்போது பெற்றுக்கொள்ளக் கற்பதே அந்தப் பாடம்.

இதையெல்லாம் நான் அழகாகப் படித்துக் குறிப்பும் எழுதினேன். அந்த வாரமே கல்லை அப்பமாக்கினேன்.

நான் செய்தது

தமிழில் 'சோதனை' என்ற சொல் விந்தையானது. சாத்தான் செய்வதும் சோதனை. பரிசோதனைச் சாலையில் நாங்கள் செய்வதும் சோதனை. இரண்டும் ஒன்றையே செய்கின்றன: உள்ளே இருப்பதை வெளியே கொண்டு வருகின்றன.

மீதைல் அசிடேட் என்னும் திரவத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கலந்தால், அது நீருடன் சேர்ந்து மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலம் தரும். எவ்வளவு வேகமாகச் சிதைகின்றது என்று காண வேண்டும். குறித்த நேரங்களில் சிறிது எடுத்துப் பனிக்கட்டி நீரில் விட்டு வினையைத் தணித்து, பினாப்தலீன் இளஞ்சிவப்புக் காட்டும் வரை பியூரெட்டிலிருந்து காரத்தை விட்டு அளப்போம். இவ்வளவுகளை ஒரு பிற்பகலில் எடுத்துவிடலாம். ஆனால் ஓர் அளவு மட்டும் அவசரத்துக்கு வராது. வினை முழுவதும் முடிந்த பின் எடுக்கும் இறுதி அளவு அது. குடுவையை மூடி ஓரிரு நாட்கள் சும்மா வைத்திருக்க வேண்டும். மற்ற அளவுகள் எல்லாம் அந்த ஓர் எண்ணிலிருந்து கழித்தே கணக்கிடப்படும். அது இல்லையேல் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை குடுவையை மூடி வைத்தேன். பெயர்ச்சீட்டு ஒட்ட மறந்தேன். திங்களன்று சென்று பார்த்தால், குடுவை கழுவித் துடைத்துக் கவிழ்க்கப்பட்டிருந்தது. பெயரில்லாத குடுவையைக் கழுவியவர் மேல் குற்றமில்லை. மறுபடியும் தொடங்கினால் மூன்று நாள் ஆகும். அன்று மாலையே குறிப்பேட்டை ஒப்படைக்க வேண்டும்.

என்ன செய்வது? வினையின் வேகமாறிலி புத்தகத்தில் அச்சாகி இருந்தது. அதை வைத்துக்கொண்டு இறுதி அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டேன். பத்து நிமிட வேலை. எண்ணை எழுதினேன், வரைபடம் வரைந்தேன். ஒன்றிரண்டு புள்ளிகள் நெளிந்தாலும் கோடு நேராக ஓடியது. புத்தகத்தில் உள்ள விடையே எனக்கும் வந்தது. வராமல் எங்கே போகும்?

அன்றும் நான் காப்பி குடிக்கவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஆண்டு லெந்துவுக்கு நான் விட்டது காப்பி. கும்பகோணத்துக்காரருடன் ஒரே அறையில் வாழ்ந்துகொண்டு, காலைதோறும் வடிகட்டியிலிருந்து எழும் மணத்தைத் தாங்கிக்கொண்டு, காப்பியை விடுவது எளிதன்று. அதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது. நாக்கை அடக்கினேன், கை பொய் எழுதியது.

வள்ளுவர் அதிகாரங்களை வைத்த வரிசையை அப்போதுதான் கவனித்தேன். 27ஆம் அதிகாரம் தவம். அதை அடுத்து நிற்பது கூடா ஒழுக்கம்; பிறகு கள்ளாமை; பிறகு வாய்மை. தவம் செய்பவனுக்கு முதலில் வரும் ஆபத்து வேடம் என்பதை அவ்வரிசையே சொல்லாமல் சொல்கின்றது. சாம்பற் புதனன்று வாசிக்கப்படும் மத்தேயு ஆறாம் அதிகாரமும் அதையே எச்சரிக்கின்றது. மனிதர் காணும்படி முகத்தை வாடவைத்து நோன்பிருப்பவன் தன் பலனை அப்போதே பெற்று முடித்துவிட்டான் என்கின்றது.

நூலைக் காட்டிய சோதனைக்காரன்

இரண்டாம் சோதனை தேவாலயத்தின் உப்பரிகையில் நிகழ்கின்றது. தாழக் குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்கின்றான் சோதனைக்காரன். இம்முறை அவன் வெறுங்கையோடு வரவில்லை. 91ஆம் சங்கீதத்தை மேற்கோள் காட்டுகின்றான். வேதத்தைப் படித்திருக்கின்றான்! பொய்க்கு எப்போதும் ஒரு நூலின் துணை வேண்டியிருக்கின்றது. எனக்கும் ஒரு நூல் துணை இருந்தது. "நான் பொய்யா எழுதினேன்? புத்தகத்தில் உள்ள உண்மையைத்தானே எழுதினேன்" என்று என் மனம் வாதாடிற்று. எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த எண்ணை நான் அளக்கவில்லை. அளந்தேன் என்று என் கையெழுத்து சொல்லிற்று. பொய் எண்ணில் இல்லை, கையெழுத்தில் இருந்தது.

பேராசிரியர் குறிப்பேட்டைப் பார்த்து, "அழகான வேலை" என்று ஓரத்தில் எழுதினார். கீழ் வகுப்பு மாணவருக்கு மாதிரியாகக் காட்டுவதற்கு அதைக் கேட்டு வாங்கியும் வைத்துக் கொண்டார். உப்பரிகையில் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்று அறிந்தேன்.

மூன்றாம் சோதனையைச் சுருக்கமாகவே சொல்கின்றேன். மிக உயர்ந்த மலையில் உலகத்து இராச்சியங்கள் காட்டப்படுகின்றன. விலை ஒரு முறை வணங்குவது. எனக்குக் காட்டப்பட்ட இராச்சியம் சிறியது. ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்க அப்பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். விலையும் சிறியதுதான்: வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். இரண்டு வாரம் நான் அந்த விலையைக் கொடுத்து வந்தேன்.

மூன்று நாள்

லெந்துவின் ஐந்தாம் வாரத்தில் ஒரு காலை, ஐந்து அப்பங்களின் பகுதியை மறுபடியும் படித்தேன். போய்ப் பார்த்து எண்ணி வரும்படி சொன்ன அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அன்று பத்து மணிக்குப் பேராசிரியர் அறைக்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். நாக்கு வறண்டு, இரண்டு முறை தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். மாதிரியாக எடுத்து வைத்திருந்த குறிப்பேட்டை அலமாரியிலிருந்து எடுத்தார். தாம் எழுதிய இரு சொற்களையும் ஒரே கோட்டில் அடித்தார். மதிப்பெண் இருந்த இடத்தில் சுழி இட்டார். "குடுவைக்குச் சீட்டு ஒட்டு" என்றார். அவ்வளவுதான்.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். சீட்டில் பெயர், நாள், நேரம் மூன்றும் எழுதி ஒட்டினேன். இறுதி அளவுக்கு இரண்டு முழு நாட்கள் காத்திருந்தேன். அந்த நாட்களில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. குடுவை அசையாமல் நின்றது; வெளிப்பார்வைக்கு அதில் எதுவும் நடக்கவில்லை; ஆனால் உள்ளே வினை தன் வேகத்தில் முடிவை நோக்கிச் சென்று கொண்டிருந்தது. எதற்காக நாற்பது நாள் என்ற என் நண்பரின் வினாவுக்கு விடை அந்தக் குடுவையின் முன் நின்றபோதுதான் கிடைத்தது. சில உண்மைகள் காத்திருப்பவனுக்கு மட்டுமே அளவு காட்டும். காத்திராதவன் கையில் கிடைப்பது அவனே செய்து கொண்ட எண்; அவனே வார்த்த கன்றுக்குட்டி.

மூன்றாம் நாள் அளந்தேன். கணக்கிட்டுப் பார்த்தபோது, வந்த விடை புத்தக விடையிலிருந்து நூற்றுக்கு ஏழு பங்கு விலகி நின்றது. கோடும் முன்போல் அழகாக இல்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன். சுழி சுழியாகவே நிற்கின்றது. பரிந்துரைக் கடிதம் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை; கேட்டால் தருவாரா என்றும் தெரியாது.

நண்பர்களே, இக்கட்டுரையை உங்களை என் ஆலயத்துக்கு அழைப்பதற்காக எழுதவில்லை. வீட்டை விட்டு ஆயிரம் கல் தொலைவில், கேட்பார் இல்லாத இடத்தில், நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு குடுவையை மூடி வைத்துவிட்டுத்தான் இருக்கின்றோம். அது படிப்பாக இருக்கலாம். பிரிந்து வந்த உறவாக இருக்கலாம். இறுதி அளவை முன்கூட்டியே எழுதிவிடும் ஆசை எல்லோருக்கும் பொது. தவம் என்று நம் மொழி சொல்வது அந்த ஆசையின் கையைப் பிடித்து நிறுத்துவதே என்று எனக்குப் படுகின்றது. காப்பியை விடுவது அதற்கு ஒரு சின்னப் பயிற்சி. பயிற்சியையே பரீட்சை என்று மயங்கியது என் பிழை.

உயிர்த்தெழுந்த ஞாயிறன்று விடியற்கால ஆராதனை முடிந்து அறைக்கு வந்தேன். கும்பகோணத்து நண்பர் எனக்காக விழித்திருந்து, நுரை ததும்பக் காப்பி ஆற்றிக் கொண்டிருந்தார். "நாற்பது ஆயிற்றா?" என்று டம்ளரை நீட்டினார்.

"நாற்பத்தாறு" என்றேன். இடையில் வந்த ஞாயிறுகளையும் நான் கழிக்கவில்லை. அதற்குக் காரணம் திருச்சபைக் கணக்கு அன்று. என் ஆச்சியின் கணக்கு.